ஒரகடத்துப் பையிலி

ஒரகடம் தொழிற்பேட்டையில் எந்தக் கம்பெனி வாசலில் நின்று பார்த்தாலும் ஒரு பச்சை போர்டு தெரியும். ‘விபத்தில்லாத நாட்கள்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு எண் இருக்கும். அந்த எண் தினமும் ஒன்று கூடும். குறைந்ததாகச் சரித்திரம் இல்லை. மெஷினில் கை போனாலும் சரி, தலையில் இரும்பு விழுந்தாலும் சரி, அது பாட்டுக்குக் கூடிக்கொண்டே போகும். எண் சைபருக்குப் போனால் மேனேஜர் முதல் சூப்பர்வைசர் வரை ஒருத்தருக்கும் பதவி உயர்வு கிடையாது. அதனால் உள்ளே விரல் போனவன், வீட்டில் பலாப்பழம் நறுக்கும்போது போனதாகத்தான் ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டும். இந்த வட்டாரத்து ஆஸ்பத்திரிக் காகிதங்களை வெளியூர்க்காரர் யாராவது படித்தால், வடக்குப்பட்டிலும் வல்லக்கோட்டையிலும் ஜனங்கள் பலாப்பழத்தைத் தவிர வேறு எதையும் தின்பதில்லை என்றும், அதையும் கண்ணை மூடிக்கொண்டுதான் நறுக்குகிறார்கள் என்றும் நினைத்துக்கொள்வார்.

யாகப்பனுக்கு இது புதிதல்ல. அவன் கார் சீட்டுக்கு நுரை செய்கிற கம்பெனியில் கண்டெய்னர் இறக்கும் ஆள். காண்ட்ராக்ட். அங்கே நிரந்தரத் தொழிலாளிக்கு நீலச் சட்டை, டிரெய்னிக்கு மஞ்சள் சட்டை, காண்ட்ராக்ட் ஆளுக்குப் பை வைக்காத சாம்பல் சட்டை. பை வைத்தால் எதையாவது போட்டுக்கொண்டு போய்விடுவானாம். மூன்று சட்டைக்காரர்களும் ஒரே பெட்டியை ஆளுக்கொரு மூலையில் பிடித்துத்தான் தூக்குகிறார்கள். பெட்டிக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது.

அன்றைக்கு இறக்கியது பிரேசிலிலிருந்து வந்த சரக்கு. மரப்பெட்டியைக் கடப்பாரையால் நெம்பியதும் உள்ளே வைக்கோல் அசைந்தது. யாகப்பன் கையை விட்டான். சுருக்கென்று ஆள்காட்டி விரலை ஏதோ கவ்வியது. உதறினான். உதற உதற அது இன்னும் இறுக்கிக் கடித்தது. பார்க்க எலி மாதிரிதான் இருந்தது. ஆனால் எலிக்கு இவ்வளவு பெரிய கறுத்த கண் கிடையாது. அதன் வால் ஒரு ஆணியைச் சுற்றிப் பிடித்திருந்தது. வயிற்றில் மொச்சைக்கொட்டை அளவுக் குட்டிகள் காம்பைக் கவ்வியபடி கொத்தாகத் தொங்கின.

சூப்பர்வைசர் ஜீவானந்தம் ஓடிவந்தார். பேச்சுவார்த்தைக்கு இடம் கொடுக்கிற மனிதர் இல்லை. கையில் இருந்த கட்டையால் ஒரே போடு, விரலோடு சேர்த்துப் போட்டார். தாய் சப்பையாகிக் கீழே விழுந்தது. குட்டிகள் இன்னும் நெளிந்துகொண்டிருந்தன. அவற்றைப் பூட்ஸ் காலால் வைத்துத் தேய்த்தார். தேய்த்ததை வழித்து உலையில் போட்டு, தரையை ஆசிட் ஊற்றிக் கழுவி முடிக்க ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அந்தக் கம்பெனியில் சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம்.

"கடிச்சிடுச்சி சார்," என்றான் யாகப்பன். விரலிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

"எது கடிச்சிது? இங்க ஒண்ணும் இல்லியே."

"நீங்கதான சார் அட்ச்சீங்க?"

"நான் தரையைத்தான் அடிச்சேன். சரி, போய்ப் பலாப்பழம்னு சொல்லு."

சொல்லிவிட்டு ஜீவானந்தமே விரலைப் பார்த்தார். பல் பதிந்த தடம் வரிசையாக, அச்சு அடித்த மாதிரி இருந்தது. பலாப்பழம் கடிக்காது. ஆளை எங்கே அனுப்புவது என்று சுற்றுமுற்றும் பார்த்தவரின் கண்ணில், மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த வெள்ளைக் கட்டடம் பட்டது.

அந்தக் கட்டடத்தின் பெயர், சர்வதேச நுண்பாலூட்டி மரபணு வகைப்பாட்டு மையம். அமெரிக்கக் கண்டத்தில் வாழும் சின்னஞ்சிறு பைப்பாலூட்டிகளை வகை பிரிப்பது அதன் வேலை. கங்காருவுக்குத் தூரத்துச் சொந்தம், எலி அளவு, மரத்தில் வாழும், முக்கால்வாசிக்கு வயிற்றில் பையே இருக்காது. இதை ஏன் அமெரிக்காவில் வைத்து ஆராயாமல் ஒரகடத்தில் வைத்து ஆராய வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. தொழிற்பேட்டையில் ஒரு மனை காலியாக இருந்தது, ஒரு திட்டத்துக்குப் பணம் ஒதுக்கியிருந்தார்கள், இரண்டையும் யாரோ சேர்த்துவைத்தார்கள். அங்கே வேலை பார்த்த விஞ்ஞானிகள் ஒருத்தர்கூட அந்தப் பிராணியைக் கண்ணால் கண்டதில்லை. கூரியரில் சதைத் துணுக்கு வரும். அதை அரைத்து மரபணுவை எடுப்பார்கள்.

மரபணு என்பது நான்கே எழுத்துகளை மாற்றி மாற்றி எழுதிய ஒரு நீளமான வரி. இரண்டு பிராணிகளின் வரிகளை ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்து, எத்தனை இடத்தில் எழுத்து மாறுகிறது என்று பார்த்தால், யாருக்கு யார் எவ்வளவு நெருக்கம் என்று தெரிந்துவிடும். கம்ப்யூட்டர் அதை மரக்கிளை மாதிரி வரைந்து கொடுக்கும். இதுவரைக்கும் நல்ல வேலைதான், குறை சொல்ல முடியாது. எத்தனை எழுத்து மாறினால் வேறு இனம் என்பதில்தான் தகராறு. மையத்தின் இயக்குநர் டாக்டர் வனமாமலை பிரிக்கிற கட்சி. ஒரு எழுத்து மாறினாலும் புது இனம் என்பார். ஒவ்வொரு புது இனத்துக்கும் அவருக்கு ஒரு விருது கிடைத்திருக்கிறது. இணை இயக்குநர் டாக்டர் சுந்தராம்பாள் சேர்க்கிற கட்சி. இருக்கிற இனங்களை ஒன்றாக்கி ஒழிப்பதில் பெயர் வாங்கியவர். கேன்டீனில் இரண்டு கட்சிக்கும் தனித்தனி சாம்பார் வாளி. போன வருஷம் ஒரு சாம்பல்நிறப் பிராணி ஒரு இனமா இரண்டு இனமா என்ற கருத்தரங்கில் ஒருவருக்குக் கழுத்தெலும்பு முறிந்தது. அவரும் பலாப்பழத்தைத்தான் காரணம் சொன்னார்.

யாகப்பனைக் கூட்டிக்கொண்டு போன ஜீவானந்தம், "உங்க பிராணியோட சாம்பிள் சார், இவன் விரல்ல இருக்கு," என்று ஒப்படைத்துவிட்டுக் கழன்றுகொண்டார். விபத்து இப்போது விஞ்ஞானம் ஆகிவிட்டது.

வனமாமலைக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பிராணி கடித்த விரலையாவது பார்க்கக் கிடைத்ததே! விரலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார்.

"தம்பி, இதுல அதோட எச்சில் இருக்கு. கொஞ்சம் சதை எடுத்துக்கட்டுமா?"

"மருந்து போடுவீங்களா சார்?"

"மருந்து போட்டா, மாதிரி கெட்டுப்போகும்."

நான்கு பேர் அவனை மேசையில் அமுக்கினார்கள். ஒருவன் உளி மாதிரி ஒரு கருவியை விரலில் வைத்துத் திருகினான். யாகப்பன் போட்ட கூச்சல் வல்லக்கோட்டை முருகன் கோவில் வரைக்கும் கேட்டிருக்கும். முதல் துண்டு சின்னதாக இருந்ததால் இரண்டாவது எடுத்தார்கள். இரண்டாவது நன்றாக வந்ததால், அந்த உற்சாகத்தில் மூன்றாவதும் எடுத்தார்கள். சதையை இரும்பு மணிகள் போட்ட குப்பியில் அடைத்து, குலுக்குகிற மெஷினில் வைத்தார்கள். தன் விரல் கூழாகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவன் பெஞ்சில் கிடந்தான்.

முடிவு வந்தது. வனமாமலை அறையில் பெரிய திரையில் கிளைகள் தெரிந்தன. எல்லாப் பிராணிகளும் ஒரு பக்கம் கொத்தாக இருக்க, ஒரே ஒரு கிளை மட்டும் நீளமாக, தனியாக, திரையின் ஓரம் வரை போய் நின்றது.

சுந்தராம்பாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"சார், இது மனுஷன். இந்த ஆளோட சதைதான் மெஷின்ல ஓடியிருக்கு. நம்ம கம்ப்யூட்டர்ல அந்தப் பிராணிகளைத் தவிர வேற எதுவும் ஏத்தலை. அதனால அதுக்குள்ளயே ஒரு இடம் பார்த்து உட்கார வெச்சிருக்கு."

"எனக்குத் தெரியாதா மேடம்? மனுஷன்னா மாதிரியில கலப்படம். கலப்படம்னா நம்ம போர்டு சைபர். நீங்க போய் அழிக்கிறீங்களா, நான் அழிக்கட்டுமா?"

அந்த மையத்தின் வாசலிலும் ஒரு பச்சை போர்டு இருந்தது. ‘கலப்படமில்லாத நாட்கள், விபத்தில்லாத நாட்கள்’ என்று இரண்டு எண்கள். தரச் சான்றிதழ் கொடுக்க வந்தவர்கள் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

சுந்தராம்பாள் ஜன்னல் வழியாக அந்த போர்டைப் பார்த்தார். பிறகு மறுபடியும் திரையைப் பார்த்தார். விஞ்ஞானிக்கு மனசாட்சி உண்டு. அது என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"புது இனம்னு சொல்றதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். இருக்கிற இனத்துல இது ஒரு கிளை. அவ்வளவுதான்."

"புது இனம்!" என்று வனமாமலை மேசையைக் குத்தினார்.

"கிளை!" என்று சுந்தராம்பாள் பேப்பர் வெயிட்டை எடுத்தார்.

யாகப்பன் மனிதனா இல்லையா என்பதில் அத்தோடு அந்த அறையில் அபிப்பிராய பேதம் நீங்கியது. அவன் மெல்ல எழுந்து, "நா போவட்டுமா சார்? ரெண்டாவது ஷிப்டு ஓடிக்கினு கீது," என்றான்.

"குரல் எழுப்புகிறது," என்று வனமாமலை சொல்ல, உதவியாளர் எழுதிக்கொண்டார்.

இயக்குநர் அறையை ஒட்டி ஒரு கண்ணாடிக் கூண்டு இருந்தது. என்றைக்காவது உயிருள்ள பிராணி வரும் என்று கட்டிவைத்து, இத்தனை வருஷம் அதில் உடைந்த நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். நாற்காலிகளை வெளியே எடுத்து யாகப்பனை உள்ளே போட்டார்கள். அவன் கதவைக் காலால் உதைத்தான், காவலாளியின் கழுத்தைப் பிடித்தான். காவலாளிகள் வலைக் கம்பால் அவனை முதுகிலும் முட்டியிலும் விளாசினார்கள். ‘மூலைக்குத் தள்ளினால் பல்லைக் காட்டும்’ என்று எழுதப்பட்டது. அடி தாங்காமல் மயங்கி விழுந்தான். ‘ஆபத்து வந்தால் செத்ததுபோல் நடிக்கும்’ என்று எழுதப்பட்டது. அந்தக் குடும்பத்துப் பெரிய பிராணி ஒன்றுக்கு உண்மையிலேயே அந்தப் பழக்கம் உண்டு. ஆகவே மையம் முழுக்கக் கைதட்டல்.

பிறகு அவனை அளந்தார்கள். வால் இல்லை. அது பரிணாமத்தில் உதிர்ந்தது. பை இருக்கிறதா என்று தடவினார்கள். சாம்பல் சட்டையில் ஏது பை? ‘பையிலி’ என்று எழுதினார்கள். அந்தப் பிராணிகளுக்கு வாயில் ஐம்பது பல் இருக்க வேண்டும், இவனுக்குப் பாதிதான் தேறியது. மிச்சம் எங்கே போயிற்று என்று தெரிந்துகொள்ள இடுக்கியை வைத்து ஒரு கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினார்கள். அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. பக்கத்துப் பல்லையும் பிடுங்கினார்கள். யாகப்பன் வாயைப் பொத்திக்கொண்டு ரத்தத்தை விழுங்கினான். இனிமேல் வாயைத் திறந்தால் பல் போகும், மூடிக்கொண்டால் நடிப்பு என்று எழுதுவார்கள். மனிதன் என்று காட்டிக்கொள்ள என்னதான் செய்வது? அவனுக்குப் பயத்தைவிட அதிகமாக அசிங்கமாக இருந்தது.

லூர்து மேரி ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனி லைனில் வேலை பார்க்கிறவள். புருஷன் வீடு திரும்பவில்லை என்றதும் அவனுடைய கம்பெனிக்குப் போய்க் கத்தி, அங்கிருந்து இங்கே வந்தாள். கையில் டிபன் கேரியர், ஆதார் அட்டை, ஞானஸ்நானச் சான்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் நிற்பதைப் பார்த்ததும் யாகப்பனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இன்னா சார் இது? எங்க வூட்டுக்காரர இன்னாத்துக்குப் பொட்டியில வெச்சிக்கீறீங்க?"

"உக்காருங்கம்மா," என்றார் வனமாமலை. அவருக்குச் சொந்த ஊரான பாளையங்கோட்டைப் பக்கத்து மரியாதை. "உங்களுக்குப் பெருமைப்பட வேண்டிய விஷயம். உங்க வீட்டுக்காரர் ஒரு புது இனம்."

"இத பாரு சார், ஆதார் கீது. கைரேகை, கண்ணு, எல்லாம் புட்ச்சிக்கினுதான் குட்த்தாங்க. கோயில்ல ஃபாதர் எழுதிக் குட்த்த சீட்டு கீது. ஞானஸ்நானம் எலிக்கா குடுப்பாங்க?"

"ஆதார்ல ரேகை இருக்கு. மரபணு இருக்கா? ஃபாதர் தலையில தண்ணி ஊத்தும்போது மரபணு எடுத்துப் பார்த்தாரா? நாங்க பார்த்திருக்கோம்மா. ஒரு ஆளைப் பார்த்தவுடனே மனுஷன்னு முடிவு பண்றது பாமரத்தனம். நான் இத்தனை வருஷ சர்வீஸ்ல யாரையும் அப்படிப் பார்த்ததே கிடையாது."

"அப்போ நான் யாருகூடக் குடும்பம் பண்ணிக்கினு இருந்தேன்?"

வனமாமலைக்கு மூக்கில் வியர்த்தது. இந்தக் கோணத்தில் அவர் யோசித்திருக்கவில்லை. பாசத்தோடு முன்னால் சாய்ந்தார். "நல்ல கேள்வி. உங்க விரலையும் ஒரு தடவை காட்டுங்க, பார்த்திடலாம்."

அவள் விரலைக் காட்டவில்லை. டிபன் கேரியரால் அவர் வாயிலேயே ஒன்று போட்டாள். சாம்பாரும் பல்லுமாக அவர் நாற்காலியோடு சாய்ந்தார். காவலாளிகள் அவளைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். போகிற வழியில் கதவு நிலையில் அவள் நெற்றி மோதிப் பிளந்தது. யாகப்பன் கண்ணாடியை முஷ்டியால் குத்திக் குத்திப் பார்த்தான், அதில் கீறல்கூட விழவில்லை. எல்லாவற்றையும் உதவியாளர் எழுதிக்கொண்டார். ‘இணையைப் பிரித்தால் வெறி கொள்ளும்.’

ஜீவானந்தமும் ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்தார். கண்ணாடிக்கு வெளியே நின்று, "நீ இனிமே கம்பெனி ஆள் இல்லப்பா. பிராணி மஸ்டர் ரோல்ல வராது, ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரியும் கிடையாது," என்று தகவல் சொன்னார். பிறகு இயக்குநர் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார். "சார், சாம்பல் சட்டை எங்ககிட்ட நிறையப் பேர் இருக்காங்க. மொத்தமா சோதிச்சுத் தருவீங்களா?"

புது இனம் என்று வாயால் சொன்னால் போதாது. உலகம் ஒத்துக்கொள்ள வேண்டுமானால் ஒரு உடல் வேண்டும். அதன் தோலை உரித்துப் பாடம் பண்ணி, மண்டையோட்டை வேகவைத்துச் சுத்தம் செய்து, சீட்டுக் கட்டிப் பெட்டியில் வைக்க வேண்டும். அதற்கு வகைமாதிரி என்று பெயர். வீங்கிய உதட்டோடு வனமாமலை இதை யாகப்பனுக்கு நேரிலேயே விளக்கினார். யாருக்கும் தெரியாமல் எதையும் செய்கிற ஆள் இல்லை அவர்.

"வலிக்காது தம்பி. விழா மேடையிலேயே ஊசி போட்டுருவோம். நீ காண்ட்ராக்ட்தானே? உன் காண்ட்ராக்ட் வருஷா வருஷம் முடிஞ்சுபோகும். வகைமாதிரிக்கு முடிவே கிடையாது. ஒருவகையில நீ இப்பதான் பெர்மனென்ட் ஆயிருக்கே."

"சார், எம் பொண்டாட்டி வாசல்ல நிக்கிறா சார். என்னிய உட்ருங்க சார். நா எலின்னே கையெழுத்துப் போட்டுக் குட்த்துர்றேன்."

"எலி இல்லப்பா, பைப்பாலூட்டி. எலின்னு சொல்லிக் கேவலப்படுத்தாதே."

விழா தடபுடலாக நடந்தது. வாசலில் வாழைமரம், மேடையில் குத்துவிளக்கு, பின்னால் யாகப்பனின் படம் போட்ட பெரிய பேனர். தலைமை விருந்தினராகத் துறையின் உயர் அதிகாரி வந்திருந்தார். யாகப்பனைச் சக்கரம் வைத்த கூண்டில் தள்ளிக்கொண்டு வந்து, விருந்தினருக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று என்று பொன்னாடை போட்டார்கள். ஊசி ஒரு வெள்ளித் தட்டில், சந்தனம் குங்குமத்துக்குப் பக்கத்தில் தயாராக இருந்தது. இறைவணக்கத்துக்கு எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவனும் நின்றான். வேறு யாரிடம் சொல்லி அழுவது?

வனமாமலை மைக்கைப் பிடித்தார்.

"இம்மையம் இதுவரை எந்த உயிருக்கும் தீங்கு செய்ததில்லை. ஏனென்றால் எந்த உயிரும் எங்களிடம் வந்ததில்லை. இன்றுதான் முதன்முதலாக வந்திருக்கிறது, இன்றே கொல்லப் போகிறோம் என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். இந்த இனத்துக்கு என் பெயரை வைக்கும்படி பலரும் வற்புறுத்தினார்கள். எனக்குத் தற்பெருமை பிடிக்காது. ஆகவே என் தாத்தாவின் பெயரை வைத்திருக்கிறேன். தாத்தாவின் பெயரும் வனமாமலைதான்."

கைதட்டல் அடங்கும் முன்பே சுந்தராம்பாள் எழுந்து மைக்கைப் பிடுங்கினார். "இது புது இனமே கிடையாது! பழைய இனத்தின் ஒரு கிளை. இந்த உயிரைக் கொல்வதை நான் எதிர்க்கவில்லை. தப்பான பெயரில் கொல்வதைத்தான் எதிர்க்கிறேன்!"

வனமாமலை அவருக்குக் கொடுப்பதற்காக வைத்திருந்த நினைவுப் பரிசை எடுத்தார். கருங்கல்லில் செய்த மரம். அதை அவர் தோளில் இறக்கினார். எலும்பு முறிந்த சத்தம் மைக்கில் கேட்டது. அவ்வளவுதான், அரங்கத்தில் இரண்டு கட்சியும் எழுந்துவிட்டன. பிரிக்கிற கட்சியில் ஒருவர் சேர்க்கிற கட்சிக்காரர் ஒருவரின் காதைக் கடித்துத் தனியாகப் பிரித்தார். சேர்க்கிற கட்சிக்காரர்கள் இரண்டு பேரின் தலைகளை ஒன்றோடொன்று மோதிச் சேர்த்தார்கள். நாற்காலிகள் பறந்தன. யாரோ உறைய வைக்கும் திரவம் இருந்த கேனைக் கவிழ்க்க, ஒரு முனைவரின் பாதம் பனிக்கட்டி மாதிரி விறைத்துப்போனது. இன்னொருவர் தோல் உரிக்க வைத்திருந்த கத்தியை எடுத்து, முன்னால் வந்த முகத்தையெல்லாம் கீறினார். ஆறு பேர் ஏறி மிதித்ததில் யாகப்பனின் கூண்டு சாய்ந்து கதவு திறந்துகொண்டது. அவன் வெளியே வராமல் உள்ளேயே ஒடுங்கிக் கிடந்தான். அந்த மண்டபத்திலேயே பத்திரமான இடம் அதுதான்.

சுந்தராம்பாள் முறியாத கையால் குத்துவிளக்கைப் பிடுங்கினார். திரியும் எண்ணெயும் சிதற அதை ஒரு சுற்றுச் சுற்றி வீசினார். விளக்கின் உச்சியில் இருந்த பித்தளை அன்னம் வனமாமலையின் பொட்டில் இறங்கியது. அவர் பேனரைக் கிழித்துக்கொண்டு விழுந்தார். இரண்டு தடவை கால் உதைத்துக்கொண்டது. பிறகு இல்லை.

தூக்கிய நாற்காலிகள் கீழே இறங்கின. தலைமை விருந்தினர் அழைப்பிதழைப் புரட்டிப் பார்த்தார்.

"இது நிகழ்ச்சி நிரல்ல இல்லையே?"

எல்லோருடைய கண்ணும் வாசல் பக்கம், பச்சை போர்டு பக்கம் போயிற்று. இயக்குநர் அடிபட்டுச் செத்தால் அது விபத்து. விபத்து என்றால் சைபர். சுந்தராம்பாள் புடவையில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு மைக்குக்கு வந்தார்.

"விபத்து எதுவும் நடக்கவில்லை. மாதிரி சேகரிக்கப்பட்டிருக்கிறது. யாகப்பனின் மரபணு எந்தக் கிளையில் உட்கார்ந்ததோ, அதே கிளையில்தான் இவருடையதும் உட்காரும். ஓட்டிப் பார்த்தாலும் அதுதான் வரும். கூண்டில் இருக்கும் பிராணிக்கு விரலில் காயம், வாயில் பல் குறைவு. இந்த உடலில் தோல் நன்றாக இருக்கிறது. ஆகவே, மறைந்த இயக்குநரையே வகைமாதிரியாக வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பெயரை மாற்ற வேண்டியதில்லை. இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கிறேன்."

கைதட்டல் எழுந்தது. பிரிக்கிற கட்சிக்காரர்களும் கைதட்டினார்கள். விருந்தினர் தன் பொன்னாடையைக் கழற்றி உடலின் மேல் போர்த்தினார். தோல் கெடுவதற்குள் நான்கு பேர் அதை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள்.

யாகப்பன் கூண்டுக்குள்ளிருந்து மெல்லத் தலையை நீட்டினான். அப்படியானால் தன்னை விட்டுவிடுவார்களா?

"மேடம், ரெண்டாவது மாதிரி ஒண்ணு வேணுமே?" என்றார் உதவியாளர். "ஒப்பிட்டுப் பார்க்க."

"அது இருக்கே, இன்னிக்கே முடிச்சிடலாம். முதல்ல இந்த ரத்தத்தைச் சுத்தம் பண்ணுங்க. விருந்தினர் இந்த வழியாத்தான் சாப்பிடப் போகணும்."

சுத்தம் செய்கிற பெண்கள் எல்லோரும் சண்டையில் ஓடிப்போயிருந்தார்கள். மேடையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முனைவர் பட்டம் வாங்கியவர்கள் துடைப்பத்தைத் தொடக்கூடாது என்று சட்டம் இல்லை, வழக்கம் இருக்கிறது. அப்போது எல்லோருடைய கண்ணும் சாம்பல் சட்டையின் மேல் விழுந்தது.

"பிராணியை வேலை வாங்கினா சட்டப்படி குற்றம்," என்று உதவியாளர் ஞாபகப்படுத்தினார்.

சுந்தராம்பாள் ஒரு கணம்தான் யோசித்தார். "துடைச்சு முடிக்கிற வரைக்கும் இவன் மனுஷன்னு எழுதிக்கோங்க."

யாகப்பன் கையில் மாப்பும் வாளியும் வந்தன. ஊசி இருந்த வெள்ளித் தட்டு இன்னும் அங்கேதான் இருந்தது. அவன் மேடையைத் துடைத்தான். அவசரப்படவில்லை. ரத்தத்தைத் துடைத்தான், எண்ணெயைத் துடைத்தான், காதை ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டு அந்த இடத்தைத் துடைத்தான். மேடை முடிந்ததும் நிமிரவில்லை. படிக்கட்டுக்கு இறங்கினான். படிக்கட்டிலிருந்து நடைபாதை. நடைபாதையில் முகத்தில் கட்டுப்போட்ட விஞ்ஞானிகள் காலைத் தூக்கி அவனுக்கு வழிவிட்டார்கள். துடைக்கிறவனை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அதை அவன் இத்தனை வருஷ காண்ட்ராக்டில் கற்றிருந்தான்.

வாசலில் காவலாளி, முதுகில் விளாசினானே அவனேதான், "எங்க?" என்றான்.

"மேடம் தொடைக்கச் சொன்னாங்க."

காவலாளி கேட்டைத் திறந்துவிட்டு, தான் நின்ற இடத்தையும் காட்டி, "இங்கயும் கொஞ்சம்," என்றான். யாகப்பன் அங்கேயும் துடைத்தான்.

நெற்றியில் கட்டுப்போட்டுக்கொண்டு லூர்து மேரி சாலையோரம் நின்றிருந்தாள். அவனைப் பார்த்ததும் வாயைத் திறந்தவள், அவன் கையைப் பார்த்து மூடிக்கொண்டாள். வந்து வாளியைத் தூக்கிக்கொண்டாள். அவன் துடைத்துக்கொண்டே நடந்தான், அவள் கூடவே நடந்தாள். கண்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துவிட்டு ஒதுங்கிப் போயின. ஷிப்ட் பஸ்ஸில் இருந்தவர்கள், நெடுஞ்சாலைத் துறையில் புது காண்ட்ராக்ட் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். ஒரகடம் மேம்பாலத்துக்கு அடியில் அவன் கை மரத்துப்போய் மாப் நழுவப் பார்த்தது. அவள் பிடித்து நிறுத்தி மறுபடியும் அவன் கையில் கொடுத்தாள். பின்னால் திரும்பிப் பார்க்க இரண்டு பேருக்கும் தைரியம் இல்லை.

வடக்குப்பட்டு வந்தது. தெரு வந்தது. வீடும் வந்தது. அவன் வாசலைத் துடைத்தான், உள்ளே போய்த் தரையைத் துடைத்தான், கட்டிலுக்கு அடியில் குனிந்து துடைத்தான். விரலிலிருந்து திரும்பவும் ரத்தம் கசிந்து, துடைத்த இடத்திலேயே சொட்டியது. அதையும் துடைத்தான்.

"போதும்யா, வூடு வந்துட்ச்சி. கீழ போடு அத," என்றாள் லூர்து மேரி. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டிருந்தாள். "சோறு போடுறேன், வா."

"மேரி, தொடச்சி முட்ச்சிட்டனா?"

"முட்ச்சிட்ட."

அவன் முகம் வெளுத்தது. மாப்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோடு போய் ஒட்டிக்கொண்டான். அவனுக்கு வாய் கோணி, பிடுங்கின பல்லின் ஓட்டை தெரிந்தது. அந்தப் பார்வையைப் பார்த்ததும் அவளுக்கு அந்தக் கட்டடத்தில் ஒருத்தர் விடாமல் கழுத்தை நெரிக்க வேண்டும் போல் இருந்தது. ஆனால் அது அப்புறம். அவள் அடுப்படிக்குப் போனாள். குடத்தைத் தூக்கி வந்தாள்.

"இல்லய்யா, இன்னும் முடியல," என்று சொல்லி, காய்ந்துகொண்டிருந்த தரையில் அவ்வளவு தண்ணீரையும் ஊற்றினாள்.